பின்தொடர்தல்

மத்திய வீதி போட்டோக் கொப்பிக் கடையில்
கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
என் நூற்று நாற்பத்தாறு பக்கங்கள்
றப்பர் பட்டிக்குள் மூச்சடக்கிக் கிடக்கின்றன.
கறுப்பு மட்டை, பொன்னெழுத்து, நான்கு பிரதி.
நஸீல் நானா ஒரு கலண்டர் அட்டையால்
தன்னையும் என் முதற்பக்கத்தையும்
மாறிமாறி விசிறுகிறார்.

இரண்டு வருடம்.
பகலில் வார்டு, இரவில் அட்டவணைகள்.
உப்புவெளிக் காற்று மடிக்கணினிக்குள் இறங்கி
எஸ் விசை இறுகிப்போனது.
ஆங்கிலத்தில் என் நோயாளிகள் எல்லோரும்
ஒரு மாதம்
ஒற்றை நோயாளியாய் இருந்தார்கள்.
கலாநிதி தர்மினி சிவப்பில் வட்டமிட்டார்.

கேள்வி எளியதுதான்:
சீனி வருத்தக் கிளினிக்குக்கு
இரண்டு தரம் வருபவர்கள்
மூன்றாம் தரம் ஏன் வருவதில்லை?

'உங்களுக்கு என்ன தடை?' என்று
தமிழில் எழுதினேன்.
அகராதி சம்மதித்தது. நெறிமுறைக் குழு சம்மதித்தது.
தோப்பூரில், முருங்கை நின்ற ஒரு வாசலில்,
நூற்றுப் பதினேழு சிரித்தார்
(பெயர் சொல்லமாட்டேன், கையொப்பம் வைத்திருக்கிறேன்).
"தடையெல்லாம் எடுத்துட்டாங்களே புள்ள.
பாலமும் போட்டாச்சு.
இப்ப ஆரு மறிக்கிற?"

அன்றிரவு அறுபது படிவங்களை அடுப்பில் வைத்தேன்.
புதிய கேள்வியோடு திரும்பிப் போனேன்.

"வெறும் வகுத்தோட வரச் சொல்ற.
அஞ்சே முக்காலுக்கு பஸ்.
நம்பர் எடுத்து ரத்தம் குடுக்கப் பத்தரை.
ஒருக்கா பஸ்ஸுக்குள்ளயே விழுந்துட்டன்.
கண்டக்டர் பொடியன் ரொபி ஒண்டு தந்தான்.
அதுக்குப் பொறகு போகல்ல."

படிவத்தில் ஐந்து பெட்டிகள்:
தூரம், செலவு, நேரம், மறதி, பிற.
'பிற'வுக்கு எதிரே ஒன்றரை அங்குலக் கோடு.
ரொபியை அதற்குள் மடித்து வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் போனேன்.
அந்த வாசலில்
பள்ளிவாசல் கதிரைகளை
லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
பேனையை மூடினேன்.
தேத்தண்ணி தந்தார்கள், சீனி போட்டு.

வெறுமையான கட்டத்தில் 99 இடுவது வழக்கம்.
அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு.
தமிழில் நான் சொல்லிப் பார்க்கவில்லை.
காணாமற்போன என்று தொடங்கும் சொல்லுக்கு
இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கிறது,
படம் ஏந்திய கைகளோடு.
முப்பத்தொரு தரம் 99.
அதில் ஒன்று மட்டும் எந்த முருங்கைக்குக் கீழே என்று
எனக்குத் தெரியும்.

பஸ் நேரத்துக்கும் வராமைக்கும் இடையில்
தசம் பூச்சியம் ஏழு.
"பொருண்மை இல்லையம்மா,"
கலாநிதி போனில் மெதுவாகத்தான் சொன்னார்.
தசம் பூச்சியம் ஐந்தென்றால்
அவர்கள் எல்லோரும்
உண்மையாகவே மயங்கி விழுந்திருப்பார்கள்.

கடை வாசலில் ஒரு புள்ளிமான்.
கோட்டைப் பக்கமிருந்து வந்திருக்கும்.
குப்பை வாளிக்குள் தலைவிட்டு
என் மூன்றாவது வரைவை மெல்லுகிறது.
முறையியல் முடிந்துவிட்டது.
சிவப்பு மைக்கு அது தயங்கவில்லை.

கரண்ட் வந்தது. இயந்திரம் இருமியது.
"இதுக்குப் பொறகு பஸ்ஸ மாத்துவாங்களா, மிஸ்?"
பரிந்துரை நான்கு, பக்கம் நூற்று முப்பத்தொன்று என்றேன்.
"ஆரு வாசிக்கிற?"
இரண்டு பரிசோதகர்கள்.
பிறகு நூலகர், முதுகை மட்டும்.

நானா ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் அடித்து
காசு வாங்காமல் நீட்டினார்.

பஸ் நிலையத்தில்
நேரக்கணிப்பாளரின் ஜன்னல் பூட்டியிருக்கிறது.
தேத்தண்ணிக்குப் போயிருக்கிறாராம்.
கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன்,
கையில் சூடு ஆறாத ஒரு தாள்.

அந்த மான் மட்டும்
என்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது.