வகை: என்

ஹுர்கே ஓடை டிடேசாவில் விழுமுன்
அறுபத்திரண்டு குழி போடவேண்டும்.
இது நாற்பத்தொன்று.
துளைகோலைத் திருகத் திருக
முதல் முழம் கறுப்பாய் வருகிறது,
அடுத்த முழம் இன்னும் கறுப்பாய்.
மூன்றாவதில் கோல் சிக்கிக்கொள்ள
வாக்கரியும் நானும் ஆளுக்கொரு கைப்பிடியில் தொங்குகிறோம்.
ஜீப் ஓட்டத்தான் வந்தவன், பாவம்.
மண் விட்டது. மல்லாந்து விழுந்தோம்.
பார்த்துக்கொண்டிருந்தவர்களில்
கழுதை மட்டும் சிரிக்கவில்லை.

கரிசல். நனைந்தால் பசை, காய்ந்தால் பாளம்.
போன வாரம் ஒரு வெடிப்புக்குள் என் பேனா போயிற்று,
தட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை.
ஒரு சொட்டு அமிலம் விடுகிறேன்: நுரையில்லை.
எழுதிக்கொள்கிறேன்.

இரட்டை வளையத்தை அடித்திறக்கித்
தண்ணீர் ஊற்றியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள்.
ஐந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது,
அவ்வளவுதான் விளையாட்டு.
ஓடையிலிருந்து குடம் சுமந்து வந்தவள் கேட்டாள்:
"மண் குடித்துவிட்டதே, இனி?"
"இன்னொரு குடம்."
காசை எண்ணிக்கொண்டு திரும்ப இறங்கினாள்.

இரவு பெதெலேயில் விடுதி அறை.
ஜெனரேட்டர் நிற்பதற்குள் முடிக்க வேண்டும்.
சரிவுக்கு முப்பத்தைந்து, மண்ணுக்கு முப்பது,
ஆற்றின் தூரத்துக்கு இருபது,
மிச்சம் பதினைந்து, இப்போது அங்கே என்ன இருக்கிறதோ அதற்கு.
அடிஸ் அபாபாவில் ஆறு நிபுணர்கள் கூடிப் போட்ட எடை.
ஒருவர் தூங்கிவிட்டார்.
மதியச் சாப்பாடு வந்துவிடுமே என்று
பதினைந்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

அடுக்கின்மேல் அடுக்கு வைத்ததும்
ஆற்றோரச் சதுப்பு பச்சையாகிறது:
எஸ் ஒன்று, மிகப் பொருத்தம்.
கோடையில் இரு கரை மாடுகளும் அங்கேதான் நிற்கும்.
மேய்ச்சல் என்றால் கணினிக்குக் காலி.

நாற்பத்திரண்டாம் குழி மேட்டில், ஷிபிரேயின் நிலத்தில்.
படத்தில் அது ஒன்றரைக் கட்டம்.
சரிவு பதினொன்று, ஆற்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு.
சிவப்பு பூசி அதன்மேல் ஒற்றை எழுத்து: என்.
பொருந்தாது என்று பொருள்.

போய்ப் பார்த்தால் பூண்டு நிற்கிறது, பாத்தி பாத்தியாக.
நடுவில் சளசளவென்று தண்ணீர்.
மலைக்குப் பின்னால் எங்கோ ஓர் ஊற்று;
அங்கிருந்து பாறையைச் சுற்றி,
குடைந்த மரத்தில் பள்ளம் தாண்டி,
ஒரு கை அகல வாய்க்கால்.
என் கணக்கில் தண்ணீருக்கு ஒரே பெயர், ஹுர்கே.
இதற்குப் பெயர் கேட்டேன்.
"தண்ணீருக்கு எதற்குப் பெயர்" என்றாள்.

நிலத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.
துளைகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதை ஒரு மணி நேரம் தருவாயா?
குரங்கு இறங்குகிறது, வேலிக்குக் கம்பு நடவேண்டும்."

அன்றிரவு சரிவின் எடையில் ஐந்து குறைத்தேன்.
அவள் கட்டம் மஞ்சளானது.
கீழே தேவாலயத்துக் கல்லறைத் தோட்டமும்
கூடவே பச்சையாகி எழுந்தது.
பழையபடி முப்பத்தைந்து.
விசிறி நின்றது. இருட்டில்
நகத்திடுக்கு மண்ணைத் தீக்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் நாற்பத்திரண்டு அ, ஆ, இ, ஈ என்று
நான்கு குழிகள் கூடுதலாக இருக்கும்.
மேற்பார்வையாளர் கேட்பார், ஒரே இடத்தில் எதற்கு இத்தனை.
ஷிபிரே போட்டவை அவை.
வாக்கரி கம்பு பிடித்தான், நான் குறிப்பெடுத்தேன்:
செம்மண், உதிரி, முழங்கை ஆழத்தில் ஈரம்,
பூண்டு வேர்.
ஆற்றிலிருந்து தூரம்: இரண்டாயிரத்து நூறு மீட்டர்.
தண்ணீரிலிருந்து தூரம்: அப்படியொரு பத்தி படிவத்தில் இல்லை,
ஓரத்தில் எழுதினேன், நான்கு அடி.
வகை: என்.