பதினான்காம் பக்கம்

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு வேலை.
உருப்பெருக்கிக்கு அடியில் ஓடிவரும் சில்லுகளில்
கீறல், கறை, வளைந்த கால்,
எது கண்டாலும் சிவப்புத் தட்டில் போட வேண்டும்.
பன்னிரண்டு மணி நேரம் குறை தேடிய கண்ணோடுதான்
காலையில் மகனின் பையைத் திறப்பேன்.

பையில் ஒரு சருகு. இரண்டு பாட்டில் மூடி. மணல்.
போன வெள்ளிக்கிழமை, உயிரோடு ஒரு நத்தை.
கட்டணமோ மாதம் முந்நூற்றைம்பது வெள்ளி.

பதின்மூன்றாம் மாடி யாஷ்மித்தா
நூறு வரை எழுதுகிறாளாம், மூன்று மொழியில் சொல்கிறாளாம்.
மின்தூக்கியில் அவள் அம்மா சொல்லச் சொல்ல
நான் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
என் ரேஷ்வினுக்கு ஐந்து வயது.
அவன் எழுதும் ‘அ’
எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்.

பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசுக்கு
பயிற்சிப் புத்தகம் வாங்கினேன்.
புள்ளி புள்ளியாய் எண்கள்,
புள்ளி மேலேயே போக வேண்டும்.
அவன் விரலைப் பிடித்து இழுத்தேன்.
எட்டின் இடுப்பில் பென்சில் உடைந்தது.
அவன் அழுதது பென்சிலுக்காக இல்லை.

மறுநாள் வேலைச் சட்டையோடே
ரெலாவ் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பாலர் பள்ளிக்குப் போனேன்,
சண்டைக்கு.
புனிதமலர் டீச்சர் ஒரு சிவப்பு நாற்காலியை நகர்த்தினார்.
முழங்கால் மோவாயில் இடிக்கிற உயரம்.
“கொஞ்ச நேரம் பாருங்க, ரேஷ்வின் அம்மா.
பேசாம மட்டும் இருக்கணும்.”

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள்.
ரேஷ்வின் மைலோ டின்னுக்குள்
கோப்பை கோப்பையாய் ஊற்றுகிறான்.
எண்ணுகிறான். நான்கு வரை தமிழ்,
அப்புறம் லீமா, எனாம், துஜோ.
டின் நிறையவில்லை.
“பெசார், பெசார்” என்று ஜியா ஹுய்
பெரிய கோப்பையை நீட்டுகிறாள்.
அதற்கும் நிறையவில்லை.

எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது,
அடியில் ஆணி அளவு ஓட்டை.
அரை நொடியில் சிவப்புத் தட்டுக்குப் போகிற டின்.
வாய் வரை வந்துவிட்டது.
டீச்சர் தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

டின்னைத் தலைக்கு மேல் தூக்கினான்.
நூல் போல ஒரு தண்ணீர் அவன் நெற்றியில் விழுந்தது.
விரலை வைத்தான், நின்றது.
எடுத்தான், விழுந்தது.
வைத்தான்.
எடுத்தான்.
“அம்மா, ஓட்டை!”
பிறந்தநாள் என்று கத்துவது போலக் கத்தினான்.

ஒன்பது வருடமாக ஓட்டை கண்டுபிடிக்கிறேன்.
ஒரு நாளும் அப்படிக் கத்தியதில்லை.

டீச்சர் பாடம் எதுவும் நடத்தவில்லை எனக்கு.
மூலையில் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்த லோஷினியைக் காட்டி
“விரல் முதல்ல வலுவாகட்டும், பென்சில் எங்கயும் ஓடிடாது” என்றார்.
நம்பினேனா, தெரியாது.
மின்தூக்கியில் சொல்ல இன்னும் என்னிடம் பதில் இல்லை.

நேற்று, பயிற்சிப் புத்தகத்தில்
பதினான்காம் பக்கத்தைக் கிழித்துக் கப்பல் செய்திருந்தான்.
பன்னிரண்டு தொண்ணூறு என்று மனசு ஒரு தரம் முனகியது.
குளியலறை வாளியில் கப்பல்,
விலாவில் வரிசையாகப் புள்ளி எட்டுகள்.
ஒவ்வொரு மூடியாக ஏற்றினான்.
“எத்தனையில முழுகும்மா?”

நாக்கு நுனியில் ஒரு எண் இருந்தது.
தூக்கம் இமையை இழுத்தது.
வாளிக்குப் பக்கத்தில் குந்தினேன்.
“நீ என்னா நினைக்கிற?”

ஐந்தாவது மூடி இன்னும் அவன் விரலில்.