பெயர்ச்சி

கிளைபெதா துறைமுகத்தில்
நீர்மட்டம் சொல்லும் நிரல் ஒன்று.
எழுதியவர் ஓய்வுபெற்றுப் போனார்,
மூலநிரலும் அவரோடு போயிற்று.
பழைய விண்டோஸில் மட்டும் அது மூச்சு விடும்;
அந்தப் பெட்டிக்குத் தணிக்கையாளர் போட்ட மதிப்பெண்
பூஜ்யம்.

யுர்கா அதை லினக்ஸுக்குக் குடிபெயர்த்தாள்.
எழுத்துரு கேட்டது, நூலகம் கேட்டது,
கேட்டதெல்லாம் கொடுத்தபின்
கழித்தல் குறி இருந்த இடத்தில்
கேள்விக்குறி போட்டது.
கடல் இறங்கியிருக்கிறதா?
தெரியாது.

பொட்டலம் கட்டி மேக்குக்குக் கொண்டுபோனாள்.
வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்:
உன்னை உருவாக்கியவர் யாரென்று தெரியவில்லை.
குப்பைக்கு அனுப்பவா?
சிரித்துவிட்டாள்.
அவள் அப்பாவின் கடவுச்சீட்டை எல்லையில்
புரட்டிப் புரட்டிப் பார்த்தவனும்
இதே பணிவோடுதான் பேசினான்.

கடைசியில்
பழைய பெட்டியின் வலைக்கம்பியைப் பிடுங்கிச்
சுருட்டி இழுப்பறையில் போட்டாள்.
இப்போது துறைமுகத்திலேயே பத்திரமான கணினி அதுதான்;
தணிக்கையாளருக்கும் சம்மதம்.

தினமும் காலை ஆறு மணிக்கு
நிலவறைக்கு இறங்கி,
திரையில் தெரியும் எண்ணை
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு
மூன்று மாடி ஏறுகிறாள்.

இன்று பனி.
கையுறையைக் கழற்றியபோது மை கலைந்திருந்தது.
ஒன்றா, ஏழா?
வெளியே ஒரு கப்பல் காத்திருக்கிறது.
திரும்ப இறங்கினாள்.