இருபது டெட்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
ஏறுவதற்கு இருபது டெட்ரி. இறங்குவது இலவசம்.
திபிலிசியின் இந்த மூலையில் பாதிப் பேர்
அதை வைத்தே தத்துவம் பேசுவார்கள்.

காசு போட்டேன்.
ஆறாம் மாடிக்கும் ஏழுக்கும் நடுவே மின்சாரம் போனது.
கையில் சூடு ஆறாத ரொட்டி, ஒரு கிலோ வெங்காயம்.

"நாற்பது நிமிஷமாகும்" என்றது மேலிருந்து ஒரு குரல்.
ஜும்பேர், லிஃப்ட் மெக்கானிக்.
கதவிடுக்கில் அவனுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
"பயமா?"
"இல்லை, அலுப்பு."
"அப்படியானால் கேளுங்கள். எல்லோரும்
படித்தே ஆக வேண்டியவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள்."

ஸ்பானரால் தட்டித் தட்டிச் சொன்னான்.
நார்வேக்காரர் ஒருவர், திமிங்கிலக் கப்பலில் சமைத்தவர்;
அவர் கதைகளில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.
பெரு நாட்டுப் பெண்ணொருத்தி,
கோபத்தை உப்பைப் போல் அளந்து போடுகிறவள்.
ஹங்கேரியர்: குதிரைகள், கடன், மறுபடியும் குதிரைகள்.
நான்காமவர் கொரியர்.
ஐந்தாமவர் எந்த நாடென்று மறந்துவிட்டது,
"ஆனால் அந்த மழை!
அந்த மழைக்காகவாவது படித்துவிடுங்கள்."
அவன் முடிப்பதற்குள் பாதி ரொட்டியைத் தின்றிருந்தேன்.
மீதியை இடுக்கு வழியாக நீட்டினேன்.

பாலத்தருகே பழைய புத்தகம் விற்பவளிடம்
ஐந்தும் கிடைத்தன, முதுகொடிந்து.
மொத்த விலை,
லிஃப்டில் அறுபது தடவை ஏறும் காசு.

மார்ச் முழுக்கப் படித்தேன்.
நார்வேயில் மழை
எதையோ மறந்து வைத்துவிட்டுத்
திரும்பி வந்தவளைப் போல வந்தது.
அழகாயிருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டினேன்.
மழையே பெய்யாத லிமாவில் பனிமூட்டம்,
எதையோ மறந்து வைத்துவிட்டுத்
திரும்பி வந்தவளைப் போல வந்தது.
ஹங்கேரியில் அப்படி வந்தது ஒரு குதிரை.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.
ஐந்து நாட்டிலும் ஒரே ஆள் மூச்சு விடும் சத்தம்.
மாடிப்படி ஏறுகிறவர் நடுவில் நின்று
கைப்பிடியைப் பற்றிக்கொள்வது போல
ஐந்து பேருடைய வாக்கியமும் ஒரே இடத்தில் நின்று,
'ஆனாலும்' என்று சொல்லிவிட்டு
மறுபடி ஏறியது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறம்,
விலைக்கும் அச்சக முகவரிக்கும் கீழே,
எறும்பு எழுத்தில்:
மொழிபெயர்ப்பு, லமாரா த்வாலிஷ்வீலி.
ஐந்திலும்.

பதிப்பகம் இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை.
அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.
கல்லாவிலிருந்த பெண் மாத்திரை என்று நினைத்து
அலமாரியில் தேடினாள்.
"ஸ்டாக் இல்லை" என்றாள்.

மொட்டைமாடியில், இயந்திர அறையில்,
ஜும்பேர் கம்பிக்கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.
சொன்னேன்.
கையைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.
சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்புறம்
ஐந்து பெயர்களையும் மார்க்கரால் எழுதி வைத்திருந்தான்,
அவசர எண்ணுக்கு மேலே.
அழித்துவிடுவான் என்று நினைத்தேன்.
அழிக்கவில்லை. "இவர்களும் இருந்தார்கள்தானே,"
என்றான், என்னிடம் கேட்பது போல.

பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
எதிர்க் கட்டடத்தின் பால்கனியில் யாரோ கம்பளத்தை அடித்தார்கள்.

"பத்துப் பக்கம் படித்துவிட்டு,
இவனெல்லாம் எழுத்தாளனா என்று
நான் தூக்கிப் போட்டவர்கள்
முப்பது பேராவது இருப்பார்கள்.
பாவம், அவர்கள்
யார் கையில் மாட்டினார்களோ."

கீழே யாரோ காசு போட்டார்கள்.
எங்கள் பக்கத்தில் பெரிய சக்கரம் முனகிக்கொண்டு சுழன்றது.
அது நிற்கும் வரை காத்திருந்தான்.
மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினான்.

"லமாராவுக்கு அப்புறம் என்ன சொன்னீர்கள்?
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்."