அலுமாரி

மூவாயிரம் ரூபா, பகல் சாப்பாடு, ஆறு ஆள்.
நாலாம் குறுக்குத்தெருவில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த எங்களை
பிஸ்காலின் ஆள் லொறியில் ஏற்றினான்.
என்ன சாமான் என்று கேட்கவில்லை.
நாட்டாமி கேட்பது பாரம் எவ்வளவு என்று மட்டும்தான்.

கிராண்ட்பாஸ் தாண்டி, கால்வாய் ஓரம் ஒரு தோட்டம்.
தோட்டம் என்றால் மரம் இல்லை,
எழுபத்திரண்டு கதவும் ஒரு பைப்பும்.
பிஸ்கால் கதிரை கேட்டார். கதிரை இல்லை.
கேத்தல் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.
“தேத்தண்ணி முடிஞ்சு” என்றான் கடைக்கார மக்கீன்,
ஆவிக்குள் நின்றபடி.
பைப்பில் திருகு இல்லை. யாரோ கழற்றிப் போயிருந்தார்கள்.

கட்டளையைச் சிங்களத்தில் வாசித்தார்.
தமிழில் சொல்ல ஆள் தேடினார்.
மூன்று மொழியிலும் சண்டை பிடிக்கிற தோட்டம்,
அன்றைக்கு ஒருவருக்கும் ஒரு மொழியும் தெரியவில்லை.
பியசீலி காதைத் தொட்டுக் காட்டினாள்.
துவான் ரம்சீன் வானத்தைப் பார்த்தார்.

முதல் வீடு, இருபத்தெட்டாம் இலக்கம். தையல்காரி பெர்னதெத்
மெஷினை விட்டு எழும்பவேயில்லை.
“முதல்ல அந்த அலுமாரியத் தூக்குங்க.
பிறகு நான் எழும்புறேன்.”

தூக்கினோம். தேக்கு.
வாசல் வரை வந்தது, வாசலுக்கு வெளியே வரவில்லை.
நிமிர்த்தினோம், சரித்தோம், கதவைக் கழற்றினோம்.
அலுமாரிதான் முதலில் வந்ததாம்.
அதைச் சுற்றித்தான் அவள் அப்பன் பலகை அடித்தானாம்,
பிறகு கல், பிறகு தகரம்.

“அலவாங்கு கொண்டு வா, சுவரை உடை!”
கானும் குழியும் வெட்டி வயிறு கழுவுகிற சனம்.
அலவாங்கு என்றால் என்னவென்று கேட்டது ஒரு வீடு.
மச்சாளுக்குச் சீதனமாய்ப் போயிற்று என்றது இன்னொன்று.

எத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நிற்பது.
“வை” என்றேன். ஆறு பேரும் வைத்தோம்.
வீரம் எல்லாம் இல்லை, முதுகு.
பத்தனையில் எங்கள் லயத்தைப் பூட்டிய அன்று
அம்மிக்கல்லைத் தூக்க ஆளில்லாமல்
அம்மா விட்டுவிட்டு வந்தது
அப்போது ஏன் ஞாபகம் வந்ததென்றும் தெரியாது.

லொறி வெறுமையாகத் திரும்பியது,
எங்களையும் ஏற்றாமல், கூலியும் தராமல்.
புறக்கோட்டை வரை நடை.
முடுக்கைக் கடக்கையில் மக்கீன் ஆறு கோப்பை நீட்டினான்,
சீனி கொஞ்சம் கூட.
காசு வாங்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பெக்கோ வருமாம்.
ட்ரைவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள் பியசீலி,
எந்தப் பக்கத்துப் பெடியன்,
எந்தக் கடையில் தேத்தண்ணி குடிப்பான் என்று.