பெயர்ப்பட்டை

நூற்றுப்பத்து ஆண்டு வரலாற்றை
நூற்றுப்பத்துப் பக்கத்தில் எழுதித் தர
என்னைக் கூலிக்கு அமர்த்தினார்கள்.
ஆண்டுக்கு ஒரு பக்கம்.
கணக்கில் கெட்டி, சவோல்தேரோ குடும்பம்.

பியெல்லா ஊரில், செர்வோ ஆற்றங்கரையில்
கம்பளி அலசத் தோதான மென்னீர்.
முதல் பக்கத்தில் அதுதான் ஓடவேண்டுமாம்.
முதல் பேரேட்டில் நான் கண்டது கடன்:
மைத்துனனிடம் எவுசேபியோ வாங்கிய
நாலாயிரம் லிரா.
திருப்பித் தரும் தேதிக்கான கட்டத்தில்
பென்சிலால் ஒரே சொல்:
பார்க்கலாம்.

நிலவறையில் அளவு அட்டைகள்.
பதினோராயிரம் ஆண்கள்
தலையில்லாமல், எண்களாய் அடுக்கியிருந்தார்கள்.
தூரின் வழக்கறிஞர், இடது தோள் அரை விரல் தாழ்வு.
ஜெனோவாவின் கப்பல் முதலாளி,
ஓரத்தில் குறிப்பு: வயிற்றைப் பற்றிப் பேச வேண்டாம்.
நாற்பத்து நான்கில் அதே வழக்கறிஞர்,
இடுப்பில் பதினொரு சென்டிமீட்டரைக் காணோம்.
புதுத் துணி எடுக்கவில்லை.
பழைய கோட்டையே பிடித்துத் தைக்கச் சொல்லிவிட்டு
ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறார்.
தோள் மட்டும் மாறவேயில்லை.

முப்பத்தைந்தாம் ஆண்டுக்குத் தனிப் பேரேடு.
ராணுவ அமைச்சகம், நாற்பதாயிரம் மீட்டர்,
சாம்பல் பச்சை.
கடன் அடைந்ததும் அந்த ஆண்டுதான்.
புது மாடி எழும்பியதும்
மைத்துனன் மறுபடி விருந்துக்கு வரத் தொடங்கியதும்
அந்தத் துணியில்தான்.
யார் யார் உடம்பில் அது கிழிந்தது என்பதற்கு
அட்டை இல்லை.
அந்தப் பக்கத்தைப் படித்த அலுவலகம்
மிகப் பணிவாகக் கேட்டது:
இருபத்தைந்தாம் பக்கத்தில்
ஒரு படம் போட்டுவிடலாமே,
மலைப்பூ ஏதாவது?

பிறகு மகன்கள். ஒரேஸ்தே, தான்கிரேதி.
மூன்று பொத்தானா இரண்டு பொத்தானா என்று
ஐம்பத்தெட்டில் தொடங்கிய பேச்சு
சாப்பாட்டு மேசையில் சூப் ஆறும்வரை போய்
வக்கீல் வீட்டில் முடிந்தது.
ஆள் பாதி, ஆடை பாதி என்பார்களே,
அப்படியேதான் பிரித்துக்கொண்டார்கள்.
ஆலையும் துணியும் அண்ணனுக்கு.
தையல்காரர் அறுபத்திரண்டு பேரும் தம்பிக்கு.
துணி வாங்க ஆளில்லை, தைக்கத் துணியில்லை.
நாலு மாதம் தாங்கினார்கள்.
ஐந்தாம் மாதம்
அண்ணன் தம்பிக்கு விலைப்பட்டியல் அனுப்பினான்,
ஊராருக்குப் போடுவதைவிட
இரண்டு லிரா கூட்டி.
இருபது ஆண்டு அப்படியே நடந்தது வியாபாரம்.
ஆண்கள் பத்திரிகைகளில்
இத்தாலியின் நேர்த்தி என்று எழுதினார்கள்.

ஃபியோரென்சா, ஒரேஸ்தேயின் பேத்தி,
ஆலைக்காக அழவில்லை.
நட்டத்தைக் காலாண்டுவாரியாகக் கூட்டி வைத்திருந்தாள்,
விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

பாரீசிலிருந்து வந்தவர்களுக்குத் தறி வேண்டாம்.
ஆற்றுரிமை வேண்டாம், கிடங்கு வேண்டாம்.
பெயர் வேண்டும்.
வரலாறு வேண்டும், எழுதி முடித்ததாக.
நூல் விற்றுப் பிழைத்த வீடு
கடைசியாக விற்றது நான் எழுதிய நூலை.

நோட்டரி படித்துக்கொண்டே போனார்.
ஏழாவது பிரிவு:
சவோல்தேரோ என்னும் பெயரைக்
குடும்பத்தார் இனி
எந்த உடையிலும் பொறிக்கலாகாது.
ஃபியோரென்சா பேனாவைக் கீழே வைத்தாள்.
என் மகன் அமேதியோ
திங்கட்கிழமை பள்ளியில் சேருகிறான்,
மேலங்கியில் பெயர் தைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.
வந்தவர்களில் இளையவர் வராந்தாவுக்குப் போய்
பாரீசுக்குத் தொலைபேசினார்.
இருபது நிமிடம். இரண்டு சுற்றுக் காப்பி.
தான்கிரேதி வழிப் பேரன் காஸ்பரே
தன் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டிருந்தான்.
திரும்பி வந்து சொன்னார்:
விற்பனைக்கு இல்லையென்றால் ஆட்சேபம் இல்லை.

எழுத்தில் கொடுங்கள் என்றாள்.

என் கூலி அடுத்த வாரம் வந்தது,
நன்றிக் கடிதத்தோடு, ஒரு பிரதியோடு.
தடித்த தாள். பட்டு நாடா.
இருபத்தைந்தாம் பக்கத்தில்
பனிமலைப் பூ ஒன்று, பக்கம் நிறைய.
அருமையான அச்சு.
இதழெல்லாம் வெள்ளை.
இலை மட்டும்
சாம்பல் பச்சை.