உஸ்ஸ்

அமைந்தகரை, இரவு பதினொன்றரை.
பழைய விண்வெளித் தொடர், பதினேழாம் பாகம்.
அட்டைக் கப்பல் என்கிறாள் ஜெசிந்தா, பாதித் தூக்கத்தில்.
அட்டைதான்.
ஜன்னலுக்கு வெளியே
ஒரு நட்சத்திரம் மடிப்பு விழுந்து கிடக்கிறது.

கேப்டன் வருகிறார்.
உஸ்ஸ். தானாகத் திறக்கிறது கதவு.
தானாகவா?
பத்தொன்பது வருஷம் லிஃப்ட் கதவு பார்த்தவன் நான்,
மோட்டார் இப்படித் தயங்காது.
மூக்கு இடிக்கும் தூரம்வரை காத்திருந்து
அரை நொடி பிந்தி விலகுகிறது.
அப்பால் எவனோ
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அதற்குமேல் கதை ஏறவில்லை.
கிரகம் வெடித்தது, பச்சை ராணி அழுதாள்.
நான் கதவையே பார்த்திருந்தேன்.
பதினோரு தரம் இழுத்தான்.
ஒரு தரம் அவசரப்பட்டு.
யாரும் வராத வாசல்
திறந்து, வெட்கப்பட்டு, மூடிக்கொண்டது.
அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

முடிவில் பெயர்கள் ஓடின:
ஒப்பனை, சிகை, காதுகள்.
காதுக்கெல்லாம் ஆள் இருக்கிறது.

காலையில் தி.நகர் ஜவுளிக்கடை, ஆறாம் தளம்.
சென்சார் மதியம்தான் வருமாம்,
அதுவரை கையால் திறந்துவிடு என்றார் மேனேஜர்.
போனைப் பார்த்தபடியே
இறங்கிப் போனார்கள் பட்டுப்புடவைக்காரர்கள்.

கூட்டம் ஓய்ந்த நேரம்
ஒருமுறை சும்மா இழுத்தேன்,
எதிரே யாருமில்லை.
உஸ்ஸ் என்றேன், வாயால்.